பிள்ளை அடையாளம்

1986 ஜனவரி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ சுகமா என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மீன் ஏலக்கொட்டகையில் ஏலக்காரர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். நம் ஊரின் வரலாறும் வாழ்க்கையும் என்று நீ புத்தகம் எழுதுகிறாயாம். படகு கட்டுகிற விதம், ஒவ்வொரு காற்றுக்கும் நாம் வைத்திருக்கிற பேர், மீனைப் பங்கு பிரிக்கிற முறை எல்லாம் அதில் வருகிறதாம். மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கடைசியில் ஒரு வரி வாசித்தார். வெளியுலகம் இதுவரை அறியாத அடுப்புப் பாறை இருக்கும் இடமும் இந்த நூலில் முதன்முறையாக என்று. அவ்வளவுதான். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அன்று மதியம் உன் அத்தான் படகு கரைக்கு வந்தது. ஒரு ஆள் தோள் கொடுக்கவில்லை. நம் ஊரில் படகு வந்தால் கூப்பிடாமலே பத்துத் தோள் வந்து சேரும், உனக்குத் தெரியும். சண்டைக்காரன் படகாக இருந்தாலும் தள்ளி மேலே ஏற்றிவிட்டுத்தான் மறுபடி சண்டை போடுவார்கள். அன்று எல்லோரும் வலையைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்கள். அத்தானும் கூடப் போன ஆளும் இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். மூன்று பேரால் என்ன ஆகும்? அலை அடித்துப் பக்கப் பலகை விரிந்துவிட்டது. இன்று வரைக்கும் அப்படித்தான். கொட்டகையில் என் பக்கத்தில் ஒருத்தி உட்காருவதில்லை.

நீ எல்லாம் மறந்தவன் மாதிரி எழுதுகிறாய், அதனால் சொல்கிறேன். காற்றுக் காலத்தில் வேறு எங்கும் மீன் கிடைக்காது. கடலுக்கடியில் கிடக்கிற அந்த ஒரு பாறையில்தான் தூண்டில் போட்டுச் சின்னப் படகுகள் பிழைக்கின்றன. வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான், பேரே அதனால்தான். துறைமுகத்து விசைப்படகுகள் இடம் தெரியாமல் இத்தனை வருஷம் சுற்றிச் சுற்றி வருகின்றன. தெரிந்தால் இழுவலையை இறக்கி ஒரே மாசத்தில் பாறையை மொட்டையடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் நாங்கள் உன் புத்தகத்தைத்தான் அடுப்பில் வைக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

உன் அக்கா


1986 ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா போன பிறகு நீ எனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் ஊருக்காக எழுதியது, எனக்காக இல்லை. பரவாயில்லை.

அத்தானுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். இந்த அச்சகத்தில் பதினெட்டு வருஷமாக மற்றவர்களின் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். அரசர்களைப் பற்றி எத்தனை புத்தகம், கோட்டைகளைப் பற்றி எத்தனை புத்தகம். கடலில் இறங்கிப் பிழைத்த ஜனங்களைப் பற்றி ஒரு பக்கம் கிடையாது. நாம் எழுதாவிட்டால் நம்மை யார் எழுதுவார்கள்? விசைப்படகுகள் பாறையை எப்படியும் ஒருநாள் கண்டுபிடிக்கும். அதற்கு முன்னால், இது இந்த ஊர் ஜனங்களின் இடம், தலைமுறைகளாக அவர்கள் காத்த இடம் என்று அச்சில் இருந்தால், நாளைக்கு ஒரு அதிகாரியிடம் காட்டவாவது ஆதாரம் இருக்கும். இதை நான் யோசிக்காமல் செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீடு உனக்கு வந்தது. படகு அத்தானுக்குப் போனது. நான் குறை சொல்லவில்லை. படகில் ஏறினாலே குடலைக் கக்குகிறவனுக்குப் படகு எதற்கு? வாந்திக்காரன் என்று ஊரே கூப்பிட்டது, நீயும் கூப்பிட்டாய். அந்த வருஷமே என்னை விடுதியில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் அப்பா ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தேன். தாடையைப் பிடித்து நிமிர்த்திக் கரையைக் காட்டினார். "கலங்கரை விளக்கம், அதுக்குப் பின்னால குன்றுல இருக்கிற பள்ளம், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். இந்தப் பக்கம் உப்புக் கிடங்குச் சுவரும் பள்ளிக்கூடத்து மணிக்கூண்டும் ஒட்டணும். ரெண்டும் சேர்ற இடத்துல நிறுத்து. அதுக்குக் கீழதான் அடுப்புப் பாறை" என்றார்.

அப்பா எனக்கென்று கொடுத்தது இது ஒன்றுதான் அக்கா. அதை நான் யாரிடமிருந்தும் திருடவில்லை. என் புத்தகத்தில் எனக்குச் சொந்தமானது என்று ஏதாவது இருந்தால் அந்த நான்கு வரிதான். அதை எடுக்க முடியாது. மன்னித்துவிடு.

உன் தம்பி


1986 ஜனவரி 26

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு அத்தானிடம் கொடுத்தேன். அப்பா சொன்ன இடத்தை எழுதியிருக்கிறாயே, அங்கே வந்ததும் நிறுத்தி மறுபடி படித்தார். நிறைய நாளைக்குப் பிறகு சிரித்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஏலக்காரரிடமும் மற்ற படகுக்காரர்களிடமும் பேசினார். இப்போது யாருக்கும் கோபம் இல்லை. காலையில் படகு தள்ள இருபது பேர் வந்தார்கள், பலகையைக்கூடத் தச்சர் சும்மாவே சரிசெய்து கொடுத்துவிட்டார்.

புத்தகத்தில் போட்டுக்கொள். ஒன்று மட்டும். அப்பா சொன்னதை ஒரு எழுத்து மாற்றாதே. அப்படியே போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


1986 ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் வந்துவிட்டது. தனிப் பார்சலில் உனக்கும் அத்தானுக்கும் கொட்டகைக்கும் பிரதிகள் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தைத் திறந்து பார். அப்பாவுக்கும், சம்மதம் தந்த என் ஊருக்கும் என்று போட்டிருக்கிறேன். அச்சுக்கோக்கிறவர், ஊருக்கு முன்னால் 'என்' எதற்கு, இடத்தை அடைக்கிறது என்றார். இருக்கட்டும் என்றேன்.

போட்டுக்கொள் என்று நீ எழுதிய கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ கேலி செய்வாய். ஊர் என்னை ஒதுக்கியதாக நானேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஊர் கூடிப் பேசி, அவன் எழுதட்டும் என்று சொல்லும் என நான் கனவில்கூட எதிர்பார்க்கவில்லை. அப்பா இருந்திருந்தால் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். அதுவே போதும் எனக்கு.

விற்பனை பரவாயில்லை. துறைமுகத்திலிருந்து ஒரு விசைப்படகு முதலாளி ஆள் அனுப்பிப் பத்துப் பிரதி வாங்கினார். ரசீதில் அவர் பெயரை இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் நீங்கள் எல்லோரும் தெரிந்துதானே சம்மதித்தீர்கள், ஏதாவது ஏற்பாடு செய்திருப்பீர்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


1986 ஏப்ரல் 29

அக்காவுக்கு,

புத்தகம் கிடைத்ததா என்றுகூட நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது இப்போது புரிகிறது.

போன திங்கட்கிழமை அந்த முதலாளி அச்சகத்துக்கே வந்தார். மானேஜர் முன்னால் புத்தகத்தை என் மேஜைமேல் வீசினார். நீ எழுதின இடத்தில் பாறையும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, பழைய இரும்புக் கப்பல் உடைந்து கிடக்கிறது என்றார். இரண்டு படகு வலை நார்நாராகக் கிழிந்துவிட்டதாம். மூன்றாவது படகில் வலை இரும்பில் மாட்டி, வலையைச் சுற்றி இழுக்கிற வின்ச்சில் கயிறு சுண்டி இழுத்து, கூலிக்கு வேலை செய்த ஒரு ஆளின் கை உள்ளே போய்விட்டதாம். நான் சொன்னேன், என் அப்பா சொன்ன இடம் அது, தப்பாக இருக்காது என்று. இதைச் சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பார்த்தேன். வலது கையில் கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும்தான் மிச்சம். என் வயதுதான் இருக்கும். அவரும் ஏதோ ஒரு கரையில் சின்னப் படகு வைத்திருந்தவராம், அங்கே மீன் போன பிறகு கூலிக்கு வந்தவராம். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் திட்டவில்லை.

"நான் அப்பவே முதலாளிகிட்ட சொன்னேன் சார். சோறு போடுற இடத்தை எவனாவது எழுதிக் குடுப்பானான்னு. அச்சுல வந்திருக்குடா, அது பொய்யா இருக்குமான்னு கேட்டாரு."

அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "நீங்க அந்த ஊர்தானே? அப்ப உங்களுக்குமா தெரியாது?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கேள்வியைத்தான் உன்னிடம் கேட்கிறேன். அத்தான் எதற்குச் சிரித்தார்? ஒரு எழுத்து மாற்றாதே என்று எதற்கு எழுதினாய்? அப்பா என்னை வேற்று ஆளாக நினைத்துத்தான் அந்த இடத்தைச் சொன்னாரா? சுற்றி வளைக்காமல் எழுது.

தம்பி


1986 மே 8

தம்பிக்கு,

சுற்றி வளைக்கவில்லை. தெரியும். உன் கடிதத்தைப் படித்த நிமிஷமே தெரியும். எனக்கும் அத்தானுக்கும் மட்டுமில்லை, படகு ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

நம் ஊரில் எந்தப் பையனுக்கும் முதலில் உண்மையான இடத்தைச் சொல்வதில்லை. கடலுக்கு வந்த முதல் வருஷம் அந்த இரும்புக் கப்பல் கிடக்கிற இடத்தைத்தான், இதுதான் அடுப்புப் பாறை என்று மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்லுவார்கள். அதற்குப் பேரே பிள்ளை அடையாளம். அடுத்த வருஷம் காற்றுக் காலம் வரைக்கும் பார்ப்பார்கள். வெளியூர்ப் படகு ஏதாவது அந்தப் பக்கம் வந்து நின்றால் பையனுக்கு வாய் நிற்காது என்று அர்த்தம். வரவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போய் உண்மையான இடத்தைக் காட்டுவார்கள். உன் அத்தானுக்கும் நம் அப்பா அப்படித்தான் செய்தார். ஏலக்காரருக்கு அவர் அப்பா. எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், என்னிடம் யாரும் பொய் சொல்லவில்லை. பொம்பளை எங்கே கடலுக்குப் போகப்போகிறாள் என்று என் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள்.

உன்னை அப்பா வேற்று ஆளாக நினைக்கவில்லை. பிள்ளையாக நினைத்தார். நீ அடுத்த வருஷம் இங்கே இல்லை. விடுதிக்குப் போய்விட்டாய். லீவில் வந்தால் புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டிருந்தாய், கடற்கரைப் பக்கமே வரவில்லை. அவர் எப்போது சொல்லுவார், உன் பின்னாலேயே நடந்து வந்தா?

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா உனக்கு எப்போதோ உண்மையைச் சொல்லியிருப்பார் என்று பயந்திருந்தேன், உன் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எடுத்துவிடு என்று கெஞ்சியவள், போட்டால்தான் நல்லது என்று அப்போதுதான் நினைத்தேன். அச்சில் வந்தால் துறைமுகத்துக்காரன் நம்புவான், வலையைக் கிழித்துக்கொண்டு இனி இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டான் என்று எல்லோருமாகத்தான் கணக்குப் போட்டோம். உன் பேர் கெடும் என்று தெரியும். தெரிந்துதான் போடச் சொன்னேன். என் பிள்ளைகள் சாப்பாடா உன் பேரா என்று வந்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன். கோபப்படு. எனக்கு வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் கையை நான் நினைக்கவில்லை. யாரும் நினைக்கவில்லை. வலை கிழியும் என்று நினைத்தோம், வலைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கே தோன்றவில்லை. இங்கே எல்லோரும் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். நீ வேண்டுமென்றே எழுதி அவர்களை மாட்டிவிட்டாய் என்று பாதி ஊர் நம்புகிறது. வாந்திக்காரன் பெரிய கில்லாடி என்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. கை போன விஷயத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். வின்ச்சுக்காரரா என்று கேட்டார். அத்தானின் அண்ணனும் ஒரு காலத்தில் அந்த வேலைதான் பார்த்தார்.

அத்தான் உன்னை வரச் சொல்கிறார். "மச்சானுக்குப் பாதிதான் சொல்லியிருக்கு. மீதியை நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். அது அவனுக்கு வரவேண்டியது" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

உன் அக்கா


1986 மே 21

அக்காவுக்கு,

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்தது என்று எழுதினால் அதுவும் ஒரு பிள்ளை அடையாளம்தான். நாற்பது வயதில், அப்பா தந்த சொத்து என்று நான் மார்தட்டிக்கொண்டது ஊர்ப் பையன்களுக்கெல்லாம் சொல்லுகிற கதை என்று தெரிந்துகொள்வது சாதாரணமில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு இன்னொரு கணக்கும் புரிந்தது. பையன் வெளியே சொல்லுகிறானா என்று பார்ப்பார்கள் என்றாயே. நான் சொன்னேன். கொஞ்சம் தாமதமாக, அச்சடித்து, ஆயிரம் பிரதி சொன்னேன். அவர் உண்மையான இடத்தைச் சொல்லியிருந்தால் அதையும் இப்படித்தான் எழுதியிருப்பேன். இந்நேரம் பாறை போயிருக்கும். நீ சொன்ன மாதிரி என் புத்தகம் உன் அடுப்பில் இருந்திருக்கும். அப்பா என்னை ஏமாற்றவில்லை அக்கா.

புத்தகத்தை வெளியிட்ட வரலாற்றுச் சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு துண்டுத்தாள் அடித்து ஒவ்வொரு பிரதியிலும் வைக்க வேண்டும், சரியான இடத்தை விசாரித்து அதில் போட வேண்டும் என்றார்கள். தவறு எதுவும் இல்லை, என் அப்பா சொன்னது இதுதான் என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷம் ஊரார் பிழையெல்லாம் திருத்தியவன் தன் பிழையைத் திருத்த மாட்டேன் என்கிறானே என்று மானேஜர் தலையில் அடித்துக்கொண்டார். துண்டுத்தாள் மட்டும் அடிக்கச் செய்தேன். இந்த இடத்தில் இரும்புக் கப்பல் கிடக்கிறது, யாரும் வலை இறக்க வேண்டாம் என்று ஒரே ஒரு வரி. புத்தகம் வாங்கியவர்களுக்கும் துறைமுகத்திலும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளி வாங்கவில்லை. வின்ச்சில் வேலை செய்கிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஆளை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். இனி கயிறு பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கையால் எழுதக் கற்றுக்கொள்ளலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

அத்தானிடம் சொல், எனக்கு மீதி வேண்டாம். தெரிந்தால் என் கை சும்மா இருக்காது. ஆனால் ஒன்று கேட்கிறேன், இது மட்டும் எனக்காக. பிள்ளை அடையாளத்தை மாற்றுங்கள். எப்படியும் அது இப்போது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது, இனி எந்தப் பையனிடமும் செல்லாது. புதிதாகச் சொல்லப்போகும் பொய் வெறும் மணலில் இருக்கட்டும். வலை காலியாக வரட்டும், ஆனால் முழுசாக வரட்டும்.

அடுத்த மாதம் வருகிறேன். படகில் ஏற மாட்டேன். கரையில் நின்று ஒரு தோள் கொடுக்கிறேன்.

உன் தம்பி


1986 ஜூன் 2

தம்பிக்கு,

நீ எழுதியதைக் கொட்டகையில் நானே வாசித்தேன். பொய்க்கு இடம் தேட ஊர் கூடி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மணலில் சொன்னால் வருகிறவன் பயந்து ஓடமாட்டானே, மறுபடி மறுபடி வருவானே என்று இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். வந்தால் வரட்டும், விரலோடு திரும்பிப் போகட்டும் என்று அத்தான் எழுந்து நின்று சொன்னார். வடக்கே வெறும் மணலாக ஒரு இடம் இருக்கிறது. அதையே முடிவு செய்தார்கள். இதையாவது உன் புத்தகத்தில் போடாதே.

கை போன அந்த ஆளுக்கு வேலை ஒன்று பேசிப் பார்த்தோம். கொட்டகையில் தராசுப் பக்கம் நிற்க ஒரு ஆள் வேண்டும், ஒரு கை போதும். வருவாரா என்று கேட்டுச் சொல். வரமாட்டேன் என்றால் அதுவும் நியாயம்தான்.

இன்று காலையில் அத்தான் நம் சின்னவனை முதல் முறையாகக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உன்னை மாதிரியேதான், போகும்போதும் வரும்போதும் வாந்தி. கரையில் இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கழுத்தை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தான். எனக்கு ஒரு நிமிஷம் நீயே வருவது போல் இருந்தது.

"அப்பா இடத்தைச் சொல்லிட்டாரும்மா" என்றான். எங்கேடா என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று உள்ளே போய்விட்டான்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீயும் அன்றைக்கு இதே வாசலில், இதே மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாய். நானும் எங்கேடா என்று கேட்டேன். காதைப் பிடித்துத் திருகிக்கூடக் கேட்டேன். அழுதாயே தவிர, என்னிடம் சொல்லவில்லை. அப்பா உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வா.

உன் அக்கா